பாகான் டாலாமில் நள்ளிரவு 12 என்றால் உண்மையில் மணி என்ன?

நள்ளிரவு 12 மணி. பாகான் டாலாம் வீட்டில் நீங்கள் இன்னும் விழித்திருக்கிறீர்கள். "இன்னும் தூங்கலையா?" என்று அம்மா குரல் கொடுக்கிறார். காலையில் எழ முடியாவிட்டால் 'சோம்பேறி' பட்டம் வேறு. இது சோம்பேறித்தனம்தானா?

உடலுக்குள் ஒரு கடிகாரம்

நம் தூக்க நேரத்தைக் கவனிப்பது மூளையின் ஒரு சிறு பகுதி. இருட்டியதும் மெலடோனின் சுரக்கச் செய்து உடலைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும். இந்த உடல் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சிலருக்கு மரபணுவாலேயே இது தாமதமாக ஓடும். பதின்ம வயதில் பெரும்பாலோருக்குத் தூக்க நேரம் தள்ளிப்போகும். 20 வயதுவாக்கில் உச்சம் தொட்டு, பிறகு மெல்லத் திரும்பி வரும்.

சுவர்க் கடிகாரமும் ஒரு காரணம்

1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்கு, தீபகற்ப மலேசியாவில் கடிகாரங்கள் 12.00-க்கு நகர்த்தப்பட்டன. சபா, சரவாக்குடன் நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக அந்த மாற்றம்.

பினாங்கு நாட்டின் மேற்குப் பக்கம் இருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.20 வாக்கில்தான். ஆக, உங்கள் நள்ளிரவு 12 சூரியக் கணக்கில் 10.40! காலை 6 மணி அலாரமோ விடியற்காலை 4.40. உடல் சூரியனைப் பார்க்கிறது. பள்ளியும் வேலையும் சுவரைப் பார்க்கின்றன.

அப்போ விழித்திருக்கலாமா?

அலாரம் மாறாதே! இரவு தள்ளிப்போனால் குறைவது தூக்கம்தான். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. கண் சொக்கச் சொக்க மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

என்ன செய்யலாம்?

• எழுந்ததும் வெளியே வந்து வெயில் படுங்கள். உடல் கடிகாரத்தை முன்னால் இழுப்பது காலை வெளிச்சம்தான்.
• படுக்கும் முன் விளக்கையும் கைப்பேசித் திரையையும் மங்க வையுங்கள்.
• மாமாக் கடைக்குப் போனாலும், இரவில் தே தாரிக், கோப்பி வேண்டாம்.
• ஞாயிறு என்று மதியம் வரை தூங்காதீர்கள். திங்கள்கிழமை இன்னும் கடினமாகும்.
• தூங்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்றாமல், 15 நிமிடம் 15 நிமிடமாக முன்னால் கொண்டு வாருங்கள்.

துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களின் கதை வேறு. பகலில் அவர்களுக்கு இருட்டறையும் அமைதியும் வேண்டும். அதைத் தருவது வீட்டில் உள்ள மற்றவர்களின் பொறுப்பு.

இத்தனைக்குப் பிறகும் பல வாரங்கள் தூக்கம் வராவிட்டால், அருகிலுள்ள கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள்.