கோழியை விலக்கிய ஞாயிறுகள்

முருகன் குடிகொண்ட திருத்தணியில் இறைச்சியை விலக்கும் நாட்களுக்குப் பஞ்சமில்லை. கிருத்திகை, செவ்வாய், ஆடி மாதத்து நேர்ச்சை எனப் பல உண்டு. விரதத்துக்கு நாள் குறித்திருக்கும். முடிந்த மறுநாள் குழம்புச் சட்டி அடுப்பேறும். 2006 பிப்ரவரியில் வந்த விலக்கு அத்தகையதன்று. அது எப்போது முடியும் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லவில்லை.

அம்மாதம் 18ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியாயிற்று. இந்தியக் கோழிப்பண்ணைகளில் அதுவே முதல் முறை. லட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. ரயில்வே தன் உணவுப் பட்டியலிலிருந்து கோழியை நீக்கியது. நவாப்பூர் திருத்தணிக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவு. தமிழகத்தில் நோய் தென்படவும் இல்லை. ஆயினும் ஞாயிறு காலையில் எதை வாங்குவது என்ற கேள்வி இங்குள்ள அடுக்களைகளிலும் எழுந்தது.

வசதியுள்ளோர் ஆட்டிறைச்சிக்கு மாறினர். கடை வாசலில், கண்ணெதிரே தோலுரிக்கப்படும் ஆட்டை நம்பலாம். எங்கோ ஒரு கொட்டகையில் வளர்ந்து இரவில் வண்டியேறி வரும் பிராய்லரை எப்படி நம்புவது? இதுவே அன்றைய தருக்கம். பொதட்டூர்ப்பேட்டை, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவாளர் குடும்பங்களுக்கு அந்தத் தேர்வு எளிதன்று. ஆட்டின் விலை அவர்கள் கைக்கு எட்டாதது. எஞ்சியவை கருவாடும், விலை சரிந்த கோழியும்தான். அச்சத்தைப் பற்றி எழுதுவோர் (நம்மையும் சேர்த்தே) இந்த அடுக்களைகளை மறந்துவிடுகிறோம்.

நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்றொரு நம்பிக்கையும் உண்டு. 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் பீர்பூமில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்குப் பரவிய நோய் பெரும்பாலும் வீட்டுக் கொல்லைக் கோழிகளையே தாக்கியது. மேய்ச்சலில் திரியும் கோழி, நீர்நிலைக்கு வரும் காட்டுப் பறவைகளோடு கலப்பது எளிது.

எல்லைக்கும் இக்கதையில் பங்குண்டு. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி, ம.பொ.சி. முதலியோரின் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரியிலும் புத்தூரிலும் உறவு வைத்திருக்கும் இவ்வூரார் அந்தக் கோட்டை அன்றாடம் நினைப்பதில்லை. 2024 பிப்ரவரியில் நெல்லூரிலும், 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் நோய் கண்டபோது நினைக்க வேண்டியதாயிற்று. சாவடிகளில் கண்காணிப்பு கடுமையானது. கடைக்காரரிடம் 'இது எந்தப் பக்கத்துக் கோழி?' என்று கேட்பது வழக்கமாயிற்று. பறவைகள் மட்டும் 1960க்கு முன்பு போலவே பறந்தன.

ஆட்டிறைச்சிக்கும் ஒரு சோதனைக் காலம் வந்தது. 2018 நவம்பரில், ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் இருந்து எழும்பூர் நிலையத்தில் 2000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சி பிடிபட்டது. வால் நீண்டிருந்ததால் நாய்க்கறி என்ற ஐயம் எழுந்தது. சில நாட்களில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அது ஆட்டிறைச்சியே என்று அறிவித்தது. அதற்குள் பிரியாணிக் கடைகளின் வியாபாரம் படுத்துவிட்டது. அறிக்கையைப் படித்தவர்களைவிட வதந்தியைக் கேட்டவர்களே மிகுதி.

இத்தனை அலைக்கழிப்பிலும் குழம்புச் சட்டி எவரையும் வஞ்சிக்கவில்லை. உள்வரை 70 டிகிரிக்கு மேல் வெந்த இறைச்சியில் இக்கிருமி பிழைப்பதில்லை. நம் வீட்டுக் கோழிக்குழம்போ அதற்கு மேல் நெடுநேரம் கொதிப்பது. ஆபத்து அடுப்புக்கு முந்திய கட்டத்தில் இருக்கிறது: பிடிப்பதில், அறுப்பதில், இறகு பிடுங்குவதில், கழுவுவதில். குளிரில் உறையவைத்தாலும் கிருமி சாவதில்லை.

2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எச்5என்1 தொற்றால் இறந்தது. தாய் கறி அரிந்துகொண்டிருந்தபோது பச்சைத் துண்டொன்றைக் குழந்தை வாயிலிட்டதாகப் பெற்றோர் கூறினர். எந்த இறைச்சி என்று விவாதித்த நாட்களில் நம்மில் எவரும் அரிவாள்மணையைப் பற்றிப் பேசியதில்லை. கோழியை விலக்கிய வீடுகளிலும் அது இடம் மாறவில்லை. ஆட்டுக்கறியை அரிந்த அதே மணையில், மேலாக ஒரு தண்ணீர் விட்டு, வெங்காயமும் தக்காளியும் அரிந்தோம். பிள்ளைகள் எதிரில் குந்தி வேடிக்கை பார்த்தன.