வழித்துணையும் வாக்குறுதியும்

இங்கிலாந்தில் பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றிப் பாதுகாத்து வருவோரிடையே அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. வண்டி நடுவழியில் நின்றுபோனால் ஆள் அனுப்பிப் பழுது பார்ப்போம், அது இயலாவிடில் வீடுவரை ஏற்றிவந்து சேர்ப்போம் என்று சொல்லி ஆண்டுச் சந்தாவைப் பெற்றுக்கொண்ட ஸ்தாபனம், உண்மையிலேயே வண்டி நின்று, உடையவர் மழையில் சாலையோரத்திலிருந்து தொலைபேசியில் அழைக்கும் வேளையில்தான், இத்தனை ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனம் எதுவும் எங்கள் ஒப்பந்தத்தில் அடங்காது என்ற ஷரத்தை எடுத்து நீட்டுகிறது. பணம் வாங்கிய அன்று வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் அந்த ஒப்பந்தத்தை வாங்கியே இருக்கமாட்டார். தொகை சொற்பம் என்று இதைத் தள்ளிவிடுவோரும் உளர். ஆயினும் வழித்துணை என்ற இந்த ஏற்பாடு அந்நாட்டில் எப்படிப் பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்பதைச் சற்று நிதானமாக நோக்கினால், எந்த வண்டிகளின் பொருட்டு அது தோன்றியதோ அந்த வண்டிகளையே அது இன்று புறந்தள்ளுகிறது என்பது புலனாகும்.

1865-ஆம் ஆண்டின் சட்டப்படி, குதிரையின்றித் தானே ஓடும் எந்த யந்திர வண்டியும் ஊருக்குள் மணிக்கு 2 மைலும் வெளியே 4 மைலும்தான் செல்லலாம். அதற்கு முன்னே 60 கஜ தூரத்தில் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்கவேண்டும். 1896 நவம்பர் 14-ஆம் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்து இந்தத் தளை நீங்கியபோது, அதனைக் கொண்டாடும் முகமாக லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை நகருக்கு மோட்டார்கள் அணியாகப் புறப்பட்டன. புறப்பட்டவற்றுள் பல வழியிலேயே நின்றுவிட்டன. மறு ஆண்டில், பிற்காலத்தில் ராயல் என்ற அடைமொழி பெற்ற ஆட்டோமொபைல் கிளப் தோன்றியது. அந்நாளில் மோட்டார் வைத்திருப்பவர் என்றால், பிரயாணத்தில் பாதியை வண்டிக்கு அடியில் படுத்துக் கழிப்பவர் என்றே பொருள். டயர் வெடிப்பதும், சங்கிலி அறுவதும், மாக்னெட்டோ பொறி தெறிக்க மறுப்பதும் நித்திய சம்பவங்களாக இருந்தன. ஆகவே வண்டி வைத்திருப்போர் ஒருவருக்கொருவர் துணையாகச் சேர்ந்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர்களை முதலில் ஒன்று சேர்த்தது பழுது அன்று, போலீஸ்.

1903-ஆம் ஆண்டுச் சட்டம் வேகத்தின் உச்சவரம்பை மணிக்கு 20 மைலாக உயர்த்தியதோடு, வண்டிகளுக்கு எண் இட்டுப் பதிவு செய்யவும் விதித்தது. போலீஸ்காரர்கள் வேலியின் மறைவில் அமர்ந்து, அளந்து வைத்த தூரத்தை வண்டி எத்தனை விநாடியில் கடக்கிறது என்று கடிகாரத்தில் கணக்கிட்டு அபராதம் விதிக்கலானார்கள். பிரைட்டன் சாலையில் இந்தப் பொறிகள் மிகுதி. 1905 ஜூன் 29-ஆம் தேதி லண்டன் பிக்கடிலி சர்க்கஸில் உள்ள டிரோக்கடெரோ உணவகத்தில் கூடிய மோட்டார் அன்பர்கள் ஆட்டோமொபைல் அசோஸியேஷனை நிறுவி, சைக்கிளில் ஆட்களை முன்னும் பின்னும் அனுப்பி, வருகிற வண்டிகளுக்குப் பொறி இருக்குமிடத்தை அறிவிக்கச் செய்தார்கள். 1910-ல் பெட்ஸ் என்பவருக்கும் ஸ்டீவன்ஸ் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில், ஏற்கனவே வேகவரம்பை மீறி வருகிறவரை எச்சரித்து வேகத்தைக் குறைக்கச் செய்வது போலீஸாரின் கடமைக்கு இடையூறு என்று தீர்ப்பாயிற்று. அதற்குச் சங்கத்தார் கண்ட உபாயம் அழகானது. சங்கத்தின் சின்னம் பொருத்திய வண்டியைக் கண்டால் சைக்கிளில் வலம்வரும் அதன் ஆள் சலாம் வைப்பது வழக்கம். அவன் சலாம் வைக்கவில்லையென்றால் அங்கத்தினர் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்கவேண்டும் என்று தம் அங்கத்தினருக்கு அறிவுறுத்தினார்கள். சலாம் வைக்காமலிருப்பதை எந்த நியாயஸ்தலம் குற்றமென்று சொல்லமுடியும்?

இந்தச் சைக்கிள் ஆட்களே பின்னாளில் பழுது பார்க்கும் உதவியாளர்களாக மாறினார்கள். சாலையிலேயே பொழுதைக் கழிக்கும் ஒருவன், நின்றுகிடக்கும் வண்டியைக் கண்டும் காணாதவன்போல் போய்விட முடியாதல்லவா? முதல் உலகப் போருக்கு முன்பே இந்த ஆட்களுக்கு நிழலாகச் சாலை முனைகளில் மரப்பெட்டிகள் எழுந்தன. பிறகு அவற்றில் தொலைபேசி வைத்து, அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அப்பெட்டியைத் திறக்கும் சாவி கொடுத்தார்கள். போர் முடிந்ததும் பக்கத்தில் கருவிப்பெட்டி கோத்த மோட்டார் சைக்கிள்களில் இவர்கள் வலம் வரலாயினர். 1905-ல் நூறு பேரைக் கொண்டு தொடங்கிய சங்கம் 1939-ல் சுமார் 7,25,000 பேரைக் கொண்டதாயிற்று. அந்நாட்டுக் கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். அந்நாளைய ஏற்பாடு சங்கத்தின் அங்கத்தினருக்குச் சங்கம் செய்யும் உபகாரமாக இருந்தது. வண்டியின் வயதைக் கேட்கும் எண்ணமே அதில் எழவில்லை. சாவியும் சின்னமும் உடையவர் யாராயினும், அவர் ஓட்டிவந்தது இருபது ஆண்டு உழைத்துத் தேய்ந்த ஆஸ்டின் செவனாக இருந்தாலும் நேற்று வாங்கிய மோரிஸ் மைனராக இருந்தாலும், ஒரே சலாம், ஒரே சகாயம். யந்திரங்களும் அதற்கு ஒத்துழைத்தன. கார்புரேட்டரில் அடைத்த தூசியை ஊதி எடுக்கவும், கருகிய பாயிண்டுகளை அரத்தால் உரசித் தேய்க்கவும், அறுந்த விசிறிப் பட்டைக்குப் பதில் வேறொன்று மாட்டவும், கைப்பழக்கமுள்ள ஒரு மனிதனும் சில திருப்புளிகளும் போதுமானவை.

நிலைமை மாறியது 1970-களில். 1971-ல் பிராட்ஃபோர்டு வட்டாரத்தில் தோன்றிய நேஷனல் பிரேக்டவுன் என்ற புதிய ஸ்தாபனம், தனக்கெனச் சீருடை ஆட்களை வைத்துக்கொள்ளாமல், ஆங்காங்கே உள்ள பட்டறைக்காரர்களை ஒப்பந்த அடிப்படையில் அனுப்பும் முறையை வளர்த்தது. 1973-ல் பழைய சங்கமும், பழுது பார்க்க முடியாத வண்டியைப் பிரயாணிகளோடு சேர்த்து நாட்டின் எந்த மூலைக்கும் கொண்டுசேர்க்கும் ரிலே என்ற சேவையைத் தொடங்கியது. உதவி இவ்வாறு விலையிட்டு அளக்கத்தக்க சரக்காயிற்று. இவ்வளவு தூரம்வரை, இத்தனை தடவை, இன்ன எடைக்குள், இன்ன வயதுக்குள் என்று ஷரத்துகள் முளைத்தன. 1999-ல் ஆட்டோமொபைல் அசோஸியேஷன் தன் அங்கத்தினரின் சம்மதத்தோடு சென்ட்ரிகா என்ற எரிவாயுக் கம்பெனிக்கு 110 கோடி பவுனுக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டில் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் சாலைச் சேவையும் வேறு கைக்கு மாறியது. அங்கத்தினர் என்ற பெயர் அதன் பிறகும் வழங்கிவந்ததேனும், அதன் உள்ளீடு வாடிக்கையாளர் என்றாகிவிட்டது. இதனிடையே வங்கிகள் மாதச் சந்தா கட்டும் கணக்கோடும், காப்பீட்டுத் தரகர்கள் வாகனக் காப்பீட்டோடும் இந்த வழித்துணையை இலவச இணைப்புப்போல் ஒட்டி விற்கத் தொடங்கினர். வண்டியை ஒருபோதும் கண்ணால் பார்க்காத ஒருவர், அதை ஒருபோதும் தொடப்போகாத இன்னொருவரின் சார்பில், தொலைபேசியில் வாக்குறுதி அளிக்கும் காலம் வந்தது.

வயது வரம்பு என்பதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடையாத வண்டியைச் சாலையோரத்தில் ஓட வைப்பது அரிது. தாழ்ந்த அடிப்பாகமுடைய பழைய பந்தயக் காரைக் கொக்கியில் தூக்கி இழுத்தால் அதன் உடல் கெடும், தட்டையான மேடை வண்டியே வேண்டும். இவற்றுக்கெல்லாம் செலவு அதிகம். அதனால்தான் பழைய வண்டிகளுக்கென்றே பிரத்தியேகமான ஒப்பந்தங்களும் சந்தையில் உள்ளன. எந்த வியாபாரியும் தன்னால் சுமக்கத்தக்க பாரத்தை வரையறுத்துக்கொள்ள உரிமையுடையவன். குற்றம் வரையறையில் இல்லை. வரையறைக்கு வெளியே நிற்பவன் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ள முயலாமலோ ஒருவனிடம் பணம் வாங்குவதில் இருக்கிறது.

இப்படிப் பணம் கொடுத்து ஏமாந்தவன் முறையிட ஆங்கிலச் சட்டம் நெடுங்காலம் இடம் தரவில்லை. 1603-ல் தீர்க்கப்பட்ட சாண்டெலர் வழக்கில், விலங்கின் வயிற்றில் விளைவதும் நஞ்சை முறிக்கும் என்று நம்பப்பட்டதுமான பெஸோவார் கல் இது என்று சொல்லிப் பொற்கொல்லர் ஒருவர் நூறு பவுனுக்கு ஒரு கல்லை விற்றார். அது வெறும் போலி. ஆயினும், இது பெஸோவார் என்று அவர் சொன்னாரேயன்றி உத்தரவாதம் தரவில்லை என்று காரணம் காட்டி, வாங்கியவரின் வழக்கை மறுத்துவிட்டார்கள். வாங்குபவன் விழிப்பாக இருக்கட்டும் என்ற கொள்கையின் கடுமை அத்தகையது. காப்பீட்டில் மட்டும் ஒரு மாற்று நெறி எழுந்தது. 1766-ல் கார்ட்டர் வழக்கில், சுமத்ராவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் வீழ்ந்ததற்கு நஷ்ட ஈடு கோரிய கவர்னருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த மான்ஸ்ஃபீல்டு பிரபு, காப்பீட்டு ஒப்பந்தத்தில் இரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் நல்லெண்ணத்தோடு உண்மையை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர்கள் என்றார். இரு தரப்பாரும் என்பதைப் பின்வந்த தலைமுறைகள் மறந்தன. வாங்கியவன் எதையேனும் சொல்லாமல் விட்டானா என்று தேடிப் பிடித்து ஒப்பந்தத்தைக் கவிழ்ப்பதற்கே அந்த நெறி ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு பயன்பட்டது. 2012-ஆம் ஆண்டுச் சட்டந்தான், கேட்ட கேள்விக்குத் தக்க கவனத்தோடு விடை சொன்னால் போதும், கேட்காததைத் தானாக முன்வந்து சொல்லவேண்டிய பொறுப்பு சாதாரண நுகர்வோருக்கு இல்லை என்று விதித்தது. வண்டியின் வயதைக் கேளாமல் விற்றவர், நீ ஏன் சொல்லவில்லை என்று பின்னர் கேட்கும் வழி அத்தோடு அடைபட்டது.

சிற்றெழுத்து ஷரத்துகளின் கதையும் இதற்கிணையானது. 1877-ல் ரயில் நிலையத்தில் பெட்டியை வைக்கக் கொடுத்து அதை இழந்த பார்க்கர் என்பவரிடம், சீட்டின் பின்புறத்தில் பத்துப் பவுனுக்கு மேல் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருக்கிறதே என்று ரயில்வே கம்பெனி வாதித்தபோது, அந்த ஷரத்தை வாடிக்கையாளர் அறிவதற்குப் போதுமான அறிவிப்பு கொடுக்கப்பட்டதா என்பதே கேள்வி என்று நீதிபதிகள் வகுத்தனர். 1956-ல் நீதிபதி டென்னிங் இன்னும் ஒரு படி மேலே போய், சில ஷரத்துகள் செல்லுபடியாக வேண்டுமானால், முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அச்சிட்டு, அதைச் சுட்டும் சிவப்புக் கையையும் வரைந்திருக்கவேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். 1967-ஆம் ஆண்டுச் சட்டம், பொய்யான கூற்றை நம்பி ஒப்பந்தம் செய்தவனுக்கு நஷ்ட ஈடு பெறும் உரிமையைத் தந்ததோடு, அக்கூற்றை நம்பத் தக்க காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் சுமையைச் சொன்னவன் தலையிலேயே வைத்தது. பெஸோவார் கல் வாங்கியவருக்கு இந்தச் சட்டம் மூன்றரை நூற்றாண்டு தாமதமாக வந்தது.

ஆனால் ஆண்டுச் சந்தாவுக்காகவும் ஒருநாள் இழுவைக் கூலிக்காகவும் எவர் நீதிமன்றம் ஏறுவார்? அந்த இடைவெளியை நிரப்பவே 1981-ல் சில காப்பீட்டு ஸ்தாபனங்கள் தாமாகவே ஒரு குறைதீர்ப்பாளரை நியமித்தன. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2001 டிசம்பர் முதல், நிதித்துறை முழுமைக்குமான ஒரே குறைதீர்ப்பாளர் அலுவலகமாக அது விரிந்தது. முறையிடுபவர் கட்டணம் ஏதும் செலுத்தவேண்டியதில்லை. தீர்ப்பை அவர் ஏற்றுக்கொண்டால் ஸ்தாபனம் கட்டுப்பட்டே ஆகவேண்டும். சட்டத்தின் எழுத்தோடு நில்லாமல், எல்லாச் சூழ்நிலைகளையும் கருதி எது நியாயம் என்று பார்ப்பதே அதன் அளவுகோல். 2005 ஜனவரி 14 முதல் பொதுக் காப்பீட்டு விற்பனையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கடனோடு ஒட்டி விற்கப்பட்ட கடன் தவணைக் காப்பீட்டில் நடந்த முறைகேட்டுக்காக வங்கிகள் 3,800 கோடி பவுனுக்கு மேல் திருப்பித் தர நேர்ந்தது. தவறாக விற்றல் என்பது சாமானிய மக்களின் வாயிலும் புழங்கும் குற்றச்சாட்டானது அப்போதுதான். 2013 மார்ச் 31 முதல், கணக்கோடு காப்பீட்டை இணைத்து விற்கும் வங்கிகள், அந்தக் காப்பீட்டின்கீழ் உதவி கோர வாடிக்கையாளருக்குத் தகுதி உண்டா என்று முதலிலேயே விசாரிக்கவும், ஆண்டுதோறும் அதை அவருக்கு நினைவூட்டவும் கடமைப்பட்டன.

இன்று பழைய வண்டிக்காரர் இந்த வழக்கை நடத்தும் விதத்தில், நான் மேலே சொன்ன வரலாறு முழுவதும் கூடிவருகிறது. அவர் முதலில் விற்ற ஸ்தாபனத்திடமே முறையிடவேண்டும். இறுதி விடை சொல்ல அவர்களுக்கு எட்டு வாரம் அவகாசம் உண்டு. அந்த விடை வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் குறைதீர்ப்பாளரை அணுகவேண்டும். அங்கே வாதம் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நிகழும். வயது வரம்பு அவருக்கு விளங்கும்படி விற்கும்போதே சொல்லப்பட்டதா என்பது முதலாவது. வண்டியின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக் கணினியில் தட்டியவர்களுக்கு, அதன் பிறந்த ஆண்டு கண்முன்னேயே தெரிந்திருக்கும். அன்றைய உரையாடலின் ஒலிப்பதிவு கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பது இரண்டாவது. நஷ்ட ஈட்டின் அளவு இதைப் பொறுத்தது. ஒன்றும் வாங்கியிருக்கமாட்டார் என்றால் கட்டிய சந்தா வட்டியோடு திரும்பும். நெடுங்காலம் இந்த வட்டி ஆண்டுக்கு 8 சதவீதமாக இருந்துவந்தது. பழைய வண்டிகளை ஏற்கும் வேறொரு ஒப்பந்தத்தை நாடியிருப்பார் என்றால், அந்த இரவில் தன் கைப்பணத்தைக் கொட்டி இழுவை வண்டி அமர்த்திய செலவையே கேட்கலாம். பலர் சந்தாவைத் திரும்பப் பெற்றதோடு திருப்தியடைந்து, இந்த இரண்டாவது உரிமையைக் கோராமலே விட்டுவிடுகிறார்கள். ஸ்தாபனங்களும் சந்தாவைத் திருப்பித் தர முன்வரும் வேகத்தை இழுவைக் கூலி விஷயத்தில் காட்டுவதில்லை. ஆகவே நின்ற இடம், அழைத்த நேரம், மறுத்தவர் சொன்ன காரணம், இழுவைக்காரர் தந்த ரசீது ஆகிய நான்கையும் அன்றே எழுதிப் பத்திரப்படுத்தியவரின் கோரிக்கைதான் முழுமையாக நிற்கிறது.