காப்புறுதியும் தாய்சேய் நலமும்: இங்கிலாந்து காட்டும் பாடம்

அரசு உதவிப் பணம் வழங்கின் மக்கள் நலம் தானே சிறக்கும் என எண்ணுவோர் பலர். இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை இங்கிலாந்தின் மகப்பேற்றுக் காப்புறுதி வரலாறு தெளிவுறுத்தும்.

1911 ஆம் ஆண்டில் நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜின் முயற்சியால் தேசிய காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. வாரந்தோறும் ஆண் தொழிலாளி 4 பென்சும், முதலாளி 3 பென்சும், அரசு 2 பென்சும் செலுத்தும் முறை வகுக்கப்பட்டது. தொழிலாளி நோயுறின் வைத்தியம் பெறுவான். அவன் மனைவி மகவு ஈனுங்கால் 30 சிலிங்கு வழங்கப்படும். 1913 ஜனவரியில் இவ்வுதவிகள் தொடங்கின. ஆயின் வைத்திய உரிமை தொழிலாளிக்கே உரித்தாயிற்று. மனைவிக்கும் மக்களுக்கும் அது கிட்டவில்லை. மருத்துவிச்சியின் கூலியையும் அந்த 30 சிலிங்கிலிருந்தே கொடுக்க நேர்ந்தது.

அப்பணம் யாருக்கு உரியது என்ற வினாவும் எழுந்தது. சட்டம் அதனைக் கணவனின் உரிமையாகவே கருதிற்று. மாகிரட் லுவெலின் டேவிஸ் அம்மையாரைச் செயலாளராகக் கொண்ட மகளிர் கூட்டுறவுச் சங்கம் இதனை எதிர்த்துக் கிளர்ந்தது. அதன் பயனாக 1913 இன் திருத்தச் சட்டம் அப்பணத்தைத் தாயின் உடைமையாக்கிற்று. 1915 இல் அச்சங்கம் தொழிலாளர் குடும்பப் பெண்களின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டது. பேறுகாலத்திலும் ஓயாத உழைப்பும், அரைவயிற்று உணவும், வெளியிற் சொல்லாத நோயும் அக்கடிதங்களாற் புலனாயின.

இனி, விளைவை நோக்குவோம். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரம் சிசுக்களுள் ஏறத்தாழ 150 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1939 அளவில் இத்தொகை 50 ஐ அண்மியது. துப்புரவு, நல்ல பால், தாய்சேய் நிலையங்கள், சிறுத்த குடும்பம் ஆகியன இதற்குப் பெரிதும் துணைபுரிந்தன. தாய்மாரின் நிலையோ வேறு. ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 4 தாய்மார் இறக்கும் நிலை 1930 களின் நடுப்பகுதி வரை மாறவேயில்லை. சிசுவைக் காத்தவை தாயைக் காக்கவில்லை. ஏனெனில், தாயைக் கொன்றவை பெரும்பாலும் பிரசவக் காய்ச்சல், குருதிப் பெருக்கு, வலிப்பு ஆகியன. இவற்றை 30 சிலிங்கு தடுக்கவல்லதன்று; பயின்ற கையும் தக்க மருந்துமே தடுக்கவல்லன.

அவை பின்னரே வந்தன. 1936 இல் லெனாட் கோல்புறூக் என்னும் மருத்துவர், சல்பனமைட்டு வகை மருந்து பிரசவக் காய்ச்சலைத் தணிக்கும் எனக் காட்டினார். அவ்வாண்டிலேயே சம்பளம் பெறும் மருத்துவிச்சிகளை நியமிக்கச் சட்டம் பிறந்தது. இரத்தமேற்றலும் பெனிசிலினும் தொடர்ந்தன. 1948 யூலை 5 இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை, சந்தா செலுத்தினரா என நோக்காது ஒவ்வொரு தாய்க்கும் வைத்தியத்தை உரிமையாக்கிற்று. 1950 அளவில் தாய் மரணம் ஆயிரத்துக்கு ஒன்றிலும் குறைந்தது.

இதனாற் காப்புறுதி வீணென்பது பொருளன்று. தாயின் நலம் அரசின் கடன் என்னும் கொள்கையை முதலில் நாட்டியது அதுவே. ஆயினும், உரிமைச் சீட்டு வாயிலைத் திறக்குமேயன்றி, உள்ளே மருத்துவிச்சியும் மருந்தும் இல்லையெனின் தாயைக் காவாது. காப்புறுதியை விரிக்க முனையும் நாடுகள் இவ்விரண்டையும் ஒருங்கே பேணுதல் வேண்டும்.