ஆள் இல்லாம கொரல் ஏதுடா?

இந்த எபிசோடு எங்க ஆயா கேட்ட ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. இடம், வில்லியனூர்ல எங்க வீட்டுத் திண்ணை.

புதுச்சேரிப் பக்கம் நிறைய குடும்பங்களுக்கு ஒரு ஃபிரான்ஸ் மாமா இருப்பார். எங்க மாமா லீவுக்கு வரும்போது கொண்டுவந்த பிஎஸ்பியில நான் ஒரு ஜப்பானிய கேம் ஆடிட்டு இருந்தேன். நீளமா ரெட்டைச் சடை போட்ட ஒரு பொண்ணு பாடும். திரையில வட்டம், சதுரம், முக்கோணம், பெருக்கல் குறி எல்லாம் பறந்து வரும். அது தன் இடத்துல போய் உட்காரும் அந்த நொடியில அதே பட்டனைத் தட்டணும். பாஷை புரியல, ஆனா தாளம் புரிஞ்சது.

"யாருடா பாடுறது?"

"ஆளே இல்ல ஆயா, கம்ப்யூட்டர் பாடுது."

"ஆள் இல்லாம கொரல் ஏதுடா?"

அன்னிக்குச் சிரிச்சேன். ஆனா வரலாறு ஆயா பக்கம்தான் இருக்கு.

அந்தப் பொண்ணு பேரு ஹட்சுனே மிகு. 2007 ஆகஸ்ட் 31 அன்று, சப்போரோ நகரத்தின் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா வெளியிட்ட ஒரு மென்பொருள். யமஹாவின் வோக்கலாய்டு 2 தொழில்நுட்பத்தில் ஓடுவது. சாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகை ஸ்டூடியோவில் சின்னச் சின்ன ஒலித்துண்டுகளாகப் பதிவு செய்து கொடுத்தார். நாம வரியும் மெட்டும் கொடுத்தா, மென்பொருள் அந்தத் துண்டுகளைக் கோத்துப் பாடும். ஆக, ஆள் இருந்தாங்க. ஆனா அந்தப் பாட்டை அவங்க பாடவே இல்ல.

வீட்டுல உட்கார்ந்தே பலர் மிகுவுக்குப் பாட்டு எழுதி இணையத்துல போட்டாங்க. அப்படிப் பிரபலமான பாட்டுகளை வெச்சுத்தான் சேகா நிறுவனம் 2009 ஜூலை 2 அன்று 'ப்ராஜெக்ட் டிவா' கேமைக் கொண்டுவந்தது. பிஎஸ்பிக்கான அந்த கேம் ஜப்பானில் மட்டும்தான் விற்பனைக்கு வந்தது. ஆனா பிஎஸ்பி கேம்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. அதனாலதான் ஃபிரான்ஸ்ல வாங்கின பிஎஸ்பியில, வில்லியனூர் திண்ணையில, ஜப்பான் டிஸ்க் ஓடுச்சு.

இப்போ நம்ம ஊர் கதைக்கு வருவோம். 2024-ல் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டுல, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேரோட குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலமா திரும்பக் கொண்டுவந்தார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, அதற்கான ஊதியமும் கொடுத்ததாக அவரே சொன்னார்.

வித்தியாசம் எங்கே இருக்கு பாருங்க. ஃபுஜிதா தெரிஞ்சு, சம்மதிச்சு மைக் முன்னாடி நின்னாங்க. இந்த ரெண்டு பாடகர்களால அது முடியாது. அவங்களுக்காக வேற யாரோ 'சரி'ன்னு சொல்லணும். சொல்ற உரிமை யாருக்கு? எந்தப் பாட்டுக்கு? எத்தனை வருஷத்துக்கு?

எங்க ஆயாவோட குரல் என் போன்ல பழைய வாய்ஸ் மெசேஜா இருக்கு. அதைக் கொடுத்தா இன்னிக்கு ஒரு ஆப் ஆயாவைப் பாடவே வெச்சிடும். நான் இன்னும் கொடுக்கல. கேட்டுட்டுக் கொடுக்கலாம்னா, கேட்க ஆயா இல்ல.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? அடுத்த எபிசோடுல பேசுவோம்.