வியட்நாமிலிருந்து ஓர் இராணுவம் கற்றவை

சைகோன் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்னர், 1975 ஏப்ரலில், ஹரி சம்மர்ஸ் என்ற அமெரிக்க இராணுவ அதிகாரி பேச்சுவார்த்தைக் குழுவொன்றுடன் ஹனோய்க்குப் போயிருந்தார். அங்கே தூ என்ற வட வியட்நாமியக் கேணலிடம், போர்க்களத்தில் நீங்கள் எங்களை ஒருபோதும் தோற்கடித்ததில்லை என்றார். தூ சற்று யோசித்துவிட்டு, இருக்கலாம், ஆனால் அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்று பதில் சொன்னார். இந்த உரையாடலைச் சம்மர்ஸ் பின்னர் தன் நூலின் தொடக்கத்திலேயே வைத்தார். அதை எடுத்தாண்டவர்கள் பலரும் கேணலின் பதிலை ரசித்தார்கள். அமெரிக்க இராணுவமோ சம்மர்ஸின் வாக்கியத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

1965 மார்ச்சில் மரைன் படையினர் டானாங் கரையில் இறங்கியதிலிருந்து 1973 ஜனவரியில் பாரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தானது வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். உச்சக்கட்டமான 1969இல் அங்கே இருந்த அமெரிக்கப் படையினர் 5,40,000க்கும் மேல். இறந்தவர்கள் 58,000க்கும் அதிகம். வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்கின்படி அவர்களது தரப்பில் போராளிகள் 11 இலட்சம் பேரும், நாடு முழுவதிலும் பொதுமக்கள் 20 இலட்சம் பேரும் மாண்டார்கள். போரின் 'பாடங்கள்' பற்றி அமெரிக்காவில் எழுதப்பட்ட நூல்களில் இந்த இரண்டாவது கணக்கை நாம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர்கள் எதையுமே கற்கவில்லை என்று சொல்வது நியாயமல்ல. ஆகாயச் சண்டையில் கடற்படை விமானிகள் தொடக்க ஆண்டுகளில் தம்முடைய ஒரு விமானத்துக்கு எதிரியின் இரண்டு அல்லது மூன்றை மட்டுமே வீழ்த்தினார்கள். ஏவுகணைகள் சொன்னபடி வேலை செய்யவில்லை. விமானிகளோ நெருங்கிச் சண்டையிடும் பயிற்சியை மறந்திருந்தார்கள். 1969இல் கலிபோர்னியாவின் மிராமாரில் 'டொப் கன்' பயிற்சிப் பள்ளி தொடங்கிய பிறகு, 1972இல் அந்த விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என ஆனது. முதல் பத்துப் பறப்புகளில் தப்பியவன் பெரும்பாலும் தப்பிவிடுகிறான் என்று விமானப்படை கண்டுபிடித்தது. அந்தப் பத்தையும் உயிருக்கு ஆபத்தில்லாமல் பறக்க வைப்பதற்காக 1975இல் நெவாடா பாலைவனத்தில் 'ரெட் ஃபிளாக்' பயிற்சியைத் தொடங்கியது. பிழையை அளந்து, காரணத்தைக் கண்டு, மாற்றினார்கள்.

தரைப்படை தேர்ந்த வழி வேறு. பயிற்சிக்கும் போர்க்கோட்பாட்டுக்குமான புதிய தலைமையகம் 1973 யூலையில் உருவானபோது அதன் முதல் தளபதியாக வந்தவர் வில்லியம் டிப்யூ. வியட்நாமில் தேடி அழிக்கும் நடவடிக்கைகளைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவர். மூன்று மாதத்தில் அரபு-இஸ்ரேல் யுத்தம் வெடித்தது. டாங்கிகள், ஏவுகணைகள், இரு பக்கமும் சீருடை. டிப்யூவின் ஆட்கள் அதை ஆவலோடு ஆராய்ந்தார்கள். மூன்றே வாரம் நடந்த, தாங்கள் பங்கெடுக்காத அந்தப் போர்தான், எட்டு வருடம் தாங்களே நடத்திய போரைவிட, 1976இல் வெளிவந்த அவர்களின் கையேட்டை வடிவமைத்தது. அதிலே எதிரி சோவியத் படை, களம் ஜேர்மனி. வியட்நாம் ஏறக்குறைய இல்லை.

இதனால் பயன் கிடைக்காமல் போகவில்லை. கட்டாய ஆட்சேர்ப்பை விட்டுத் தொண்டர் படையாக மாறிய இராணுவம், கலிபோர்னியாவின் ஃபோர்ட் இர்வினில் நிஜச் சண்டை போலவே பயின்றது. 1991இல் குவைத்தின் தரைப்போரை நூறு மணிநேரத்தில் முடித்தது. வியட்நாம் நோய் தீர்ந்தது என்று ஜனாதிபதி புஷ் மகிழ்ந்தார். எதிரி பாலைவனத்தில் வரிசையாக நிற்கும்வரை அந்த மருந்து வேலை செய்தது.

மற்றப் பாடங்கள் பெட்டிக்குள் கிடந்தன. அவற்றில் ஒன்று பிணக்கணக்கு. எதிரி புதிதாகச் சேர்ப்பதைவிட அதிகமானோரைக் கொன்றால் ஒரு கட்டத்தில் அவன் ஓய்ந்துவிடுவான் என்பது ஜெனரல் வெஸ்ட்மோர்லண்டின் கணக்கு. ஆனால் எங்கே, எப்போது மோதுவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது மறுதரப்பு. இழப்பு அதிகமானால் அவர்கள் காட்டுக்குள் ஒதுங்கிவிடுவார்கள். போதாததற்கு, வடக்கில் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் இளைஞர்கள் படையில் சேரும் வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். பதவி உயர்வு எண்ணிக்கையைப் பொறுத்திருந்தபடியால் எண்ணிக்கையும் வளர்ந்தது. வயலில் செத்துக் கிடந்த விவசாயியும் போராளியானான். மாலைச் செய்தியில் இரு தரப்பின் எண்ணிக்கைகளையும் கேட்டு, இரண்டையும் மனதுக்குள் குறைத்துக்கொண்டே வளர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டக்ளஸ் கின்னார்ட் என்ற ஓய்வுபெற்ற ஜெனரல், 1974இல் வியட்நாமில் தளபதிகளாக இருந்த ஜெனரல்களிடம் பெயர் வெளியிடாத கேள்விக்கொத்து ஒன்றை அனுப்பினார். பதிலளித்தவர்களில் 61 சதவீதம் பேர் பிணக்கணக்கு அடிக்கடி ஊதிப் பெருக்கப்பட்டது என்றார்கள். அதைவிட என்னை நிறுத்தியது இன்னொரு பதில்: போரின் இலக்கு என்னவென்பது ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்குத் தெளிவாக இருக்கவில்லை.

இன்னொன்று ஓராண்டுப் பணிக்காலம். தரைப்படையின் சிப்பாய்க்கு அங்கே பன்னிரண்டு மாதம். பட்டாலியன் தளபதிக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். ஊரை, ஆற்றை, யார் யாருக்கு மாமன் மச்சான் என்பதை அறிந்துகொள்ளத் தொடங்கும்போது வீட்டுக்குப் போகும் விமானம் வந்துவிடும். நீண்டகாலம் அங்கிருந்து, 1972இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்த ஆலோசகர் ஜோன் போல் வான் இதைப் பற்றிச் சொன்னதாக ஒரு கூற்று உண்டு: நமக்கு இருப்பது பல ஆண்டு அனுபவம் அல்ல, ஓராண்டு அனுபவமே திரும்பத் திரும்ப வந்தது.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே இதையெல்லாம் சொன்னவர்கள் இராணுவத்துக்குள்ளேயே இருந்தார்கள். தரைப்படைத் தலைமைத் தளபதி ஹரோல்ட் ஜோன்சன் செய்வித்த பெரிய ஆய்வொன்று, இந்தப் போர் கிராமத்திலும் மாவட்டத்திலும்தான் தீர்மானிக்கப்படும் என்று 1966 மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்தது. அது ஒதுக்கி வைக்கப்பட்டது. மரைன் படையினர் பதினைந்து பேரளவில் கிராமத்திலேயே தங்கி, உள்ளூர்க் காவற்படையோடு சேர்ந்து இரவுக்காவல் செய்து பார்த்தார்கள். அது சிறு முயற்சியாகவே நின்றது.

கிராமத்தைக் காக்கும் யோசனைக்கு அமெரிக்கர் முன்மாதிரியாகப் பார்த்தது மலாயாவை. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம் ஏறத்தாழ ஐந்து இலட்சம் சீனர்களைப் புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோனது. தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகள் ஒன்றுகூட்டப்பட்டு வேலியிடப்பட்டன. இந்த இதழை மலேசியாவிலிருந்து வாசிப்பவர்கள் சிலரின் பாட்டன் பாட்டிகள் அந்த முட்கம்பிக்குள் இருந்திருப்பார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டதும் அதே அவசரகாலத்தில்தான். அங்கே பணியாற்றிய ராபர்ட் தொம்சன் 1961இல் ஆலோசகராகச் சைகோன் போனார். மறுவருடம் அங்கும் வேலிக் கிராமங்கள் எழுந்தன. மலாயாவில் பெயர்க்கப்பட்ட பலர் உரிமைப்பத்திரம் இல்லாத நிலத்தில் இருந்தவர்கள்; புதிய இடத்தில் சிலருக்குக் காணி கிடைத்தது. வியட்நாமிய விவசாயி முன்னோரைப் புதைத்த மண்ணைவிட்டு எழுப்பப்பட்டான். இரண்டு வருடம்கூடத் தாங்காமல் 1963இன் இறுதியில் திட்டம் சரிந்தது. அவசரப்படுகிறார்கள் என்று தொம்சனே குறைப்பட்டிருந்தார்.

சம்மர்ஸின் நூல் 1982இல் வந்தது. கெரில்லாக்களைத் துரத்தியதே பிழை, வடக்கின் படையை நேரே எதிர்கொண்டிருக்க வேண்டும் என்றது. இராணுவக் கல்லூரிகள் அதை விரும்பிப் படித்தன. 1986இல் அன்ட்ரூ கிறெப்பினெவிச், சேவையிலிருந்த அதிகாரி, நேர்மாறாக எழுதினார்: ஐரோப்பாவுக்கான போரைக் கெரில்லா நாட்டில் நடத்தியதுதான் பிழை. எனக்குக் கிறெப்பினெவிச் சொல்வதே உண்மைக்குக் கிட்டவாகத் தெரிகிறது. ஆனாலும் இருவரும் வேறு விதமாகச் செய்திருந்தால் வென்றிருக்கலாம் என்ற இடத்தில் வந்து நிற்கிறார்கள். தன் மக்களிடம் வேர் இல்லாத ஓர் அரசை வெளிநாட்டுப் படை எத்தனை நாள் தாங்கிப் பிடிக்கும் என்ற கேள்வி இராணுவக் கையேட்டின் எல்லைக்குள் வருவதில்லை. தூ சொன்னது ஒருவேளை இதைத்தான்.

1987இல் பிரின்ஸ்டனில் ஓர் இளம் அதிகாரி முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வின் தலைப்பு, அமெரிக்க இராணுவமும் வியட்நாமின் பாடங்களும். பெயர் டேவிட் பெட்ரேயஸ். ஈராக் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தபோது, 2006 டிசம்பரில், கிளர்ச்சி எதிர்ப்புக் கையேடு அவர் முயற்சியில் வெளிவந்தது. தரைப்படை அதற்கென்று தனியாக ஒரு கையேடு வெளியிட்டு இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. வியட்நாமுக்குப் பிறகு அந்த அறிவையெல்லாம் நாங்களே துடைத்து வெளியேற்றினோம் என்று ஓய்வுபெற்ற ஜெனரல் ஜக் கீன் அதே ஆண்டு பகிரங்கமாகச் சொன்னார்.

புதிய கையேடு ஆப்கானிஸ்தானுக்கும் போனது. 2021 ஓகஸ்ட் 15இல் காபூல் வீழ்ந்தது. ஆப்கான் மீள்கட்டுமானத்தைக் கண்காணித்த அமெரிக்க அரசின் சிறப்புத் தணிக்கை அலுவலகம் தன் இருபதாண்டுப் பாடங்களை அந்த மாதமே வெளியிட்டது. அதிகாரிகள் வந்து ஓராண்டுக்குள் மாறிப் போய்விட்டார்கள், புதியவர்கள் தொடக்கத்திலிருந்து மறுபடி கற்றார்கள் என்று அதில் இருக்கிறது. ஆகவே இதை ஓர் இருபதாண்டு முயற்சி என்பதைவிட இருபது ஓராண்டு முயற்சிகள் என்பதே பொருந்தும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.