நோத்ர்தாம் வாசலில் வெடித்த துப்பாக்கி

1944 ஆகஸ்ட் 26. ஜெர்மானியர் பிடியிலிருந்து பாரிஸ் விடுதலையான மறுநாள். பிரான்ஸின் தற்காலிக அரசின் தலைவர் ஷார்ல் தெ கோல் நோத்ர்தாம் தேவாலயத்துக்கு வந்து இறங்கியதுமே துப்பாக்கிகள் வெடித்தன. உள்ளேயும் வெடித்தன. கூட்டம் தரையோடு தரையாகப் படுத்தது. பலர் நாற்காலிகளுக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். ஆறடியைத் தாண்டிய அந்த மனிதர் மட்டும் குனியாமல் நடுவழியில் நடந்து போனார். சுட்டது யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

ஒரு குண்டு அவர்மேல் பாய்ந்திருந்தால்? இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

பெண்களுக்கான வாக்குரிமை பிழைத்திருக்கும். அதற்கான ஆணை ஏப்ரல் மாதமே, அவர் அப்போது தளமாகக் கொண்டிருந்த அல்ஜியர்ஸில் பிறந்துவிட்டது. கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்திருப்பார்கள் என்பதை நான் நம்பவில்லை. நேச நாட்டுப் படைகள் மண்ணில் நிற்கும்போது ஸ்டாலின் அதற்குத் துணிந்திருக்க மாட்டார். ஆனால் தெ கோலின் தற்காலிக அரசை அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அப்போது அங்கீகரிக்கவே இல்லை. அக்டோபர் 23 வரை இழுத்தடித்தார். தலைவரில்லாத பிரான்ஸை அவர் இன்னும் காக்க வைத்திருப்பார்.

உண்மையான இழப்பு 14 ஆண்டு கழித்தே தெரிந்திருக்கும். 1958 மே மாதம், விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவம் முரண்டு பிடித்தது, பாராசூட் வீரர்கள் கோர்சிகா தீவைக் கைப்பற்றினார்கள். அன்று தளபதிகளும் நாடாளுமன்றமும் ஒருசேர ஏற்கக்கூடியவர் தெ கோல் ஒருவர்தான். அவர் இல்லாவிட்டால் பாரிஸில் ராணுவ ஆட்சி வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அல்ஜீரியப் போரும் 1962இல் எவியான் உடன்படிக்கையோடு நின்றிருக்காது.