தாயின் அழுகை எங்கே போயிற்று?

1755-லேயே ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற நெற்கட்டும்செவல் பூலித்தேவர், எங்கள் சங்கரன்கோவில் ஆலயத்தினுள் சென்று மறைந்துவிட்டார் என்று இவ்வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். வீரரை நாம் மறக்கவில்லை. ஆனால் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணின் வேதனை என்னவாயிற்று?

பழைய திருநெல்வேலிச் சீமையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1801 மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கும்பினிப் படையிடம் வீழ்ந்தது. களத்தில் மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். குற்றுயிராய்க் கிடந்த மகனோ, தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி வேண்டினான். அவளும் அவ்வாறே செய்தாள். எட்டயபுரத்துப் படையினர் நெருங்கியபோது, பெண்கள் ஊமைத்துரையை வெள்ளைத் துணியால் மூடி, பையன் அம்மை கண்டு இறந்துவிட்டதாக ஓலமிட்டார்கள். வந்தவர்கள் அஞ்சி ஓடினர். கும்பினி அதிகாரி வெல்ஷ் 1830-இல் வெளியான தம் நூலில் இதை எழுதியுள்ளார்.

உயிரோடிருந்தவருக்காக அவள் அழுதாள். தன் மகனுக்காக எப்போது அழுதாள்? ஏட்டில் அது இல்லை. அவளுடைய செயலைச் சமுதாயம் நினைவில் வைத்தது, துயரத்தை வைக்கவில்லை.

அழுத்தி வைத்த வேதனை அழிவதில்லை, நனவிலி மனத்தில் தங்கிவிடுகிறது என்றார் ஃபிராய்டு. அமெரிக்க உளவியலார் செல்மா ஃபிரைபெர்க், இளமையில் துன்புற்ற தாய்மார்களை ஆராய்ந்து 1975-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நடந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்து, அதன் வலியை மறந்த தாய்மார்களே அத்துன்பத்தைத் தம் குழந்தைகளிடம் தொடர்ந்தனர் என்று அவர் கண்டார். வலியையும் நினைவுகூர்ந்து சொல்ல முடிந்தவர்கள் அதிலிருந்து விடுபட்டனர். தாயின் திடுக்கிடலையும் மௌனத்தையும் குழந்தை சொல்லாமலே கற்றுக்கொள்கிறது அல்லவா?

இத்துயரம் உடல் வழியாகவும் இறங்குமா? நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிய யூதர்களிடமும் அவர்களின் பிள்ளைகளிடமும், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் வேதியியல் மாற்றங்களை ரேச்சல் யெஹுடா குழுவினர் 2015-இல் கண்டனர். ஆயினும் அது சிறிய ஆய்வு. வளர்ப்பின் பங்கு எவ்வளவு, உடலின் பங்கு எவ்வளவு என்று அதைக்கொண்டு பிரித்துக் கூற இயலாது.

இது பழங்கதை மட்டுமன்று. இலங்கையில் 2009-இல் போர் ஓய்ந்தது. காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு 2017-இல் கிளிநொச்சியில் தாய்மார்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். உடலும் கிடைக்காத வீட்டில் ஒப்பாரிக்கும் வழியில்லை. அவ்வீடுகளிலும் குழந்தைகள் வளர்கிறார்கள்.

மாணவர்களே, இனி ஒரு வீரரின் கதையைக் கேட்டால், அந்த வீட்டுப் பெண்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்றும் கேளுங்கள்.